கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: காக்பிட் திரையைப் படிக்கப் பழகுவது எப்படி?

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் சின்னதாக ஒரு ராக்கெட்டைக் கட்டி ஏவுதளத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இன்ஜினைத் தொட வேண்டாம். திரையின் அடியில் நடுவில் பாதி நீலம், பாதி பழுப்பாக ஒரு உருண்டை இருக்கும், அதுதான் நேவ்பால். அதன் தலைக்கு மேலே வேகம் 0.0 மீ/வி என்று காட்டும். இப்போது அந்த வேகப் பெட்டியை மவுஸால் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். ‘சர்ஃபேஸ்’ என்று இருந்தது ‘ஆர்பிட்’ என்று மாறும், வேகம் சுமார் 175 மீ/வி ஆகிவிடும். ராக்கெட் இருந்த இடத்திலேயேதான் நிற்கிறது.

இரண்டு எண்ணும் சரிதான். முதலாவது தரையைப் பொறுத்த வேகம். இரண்டாவது கெர்பின் கிரகத்தின் மையத்தைப் பொறுத்த வேகம். கெர்பின் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது, ஏவுதளமும் அதோடு சேர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்து விளையாடும் நாமும் பூமியோடு சேர்ந்து வினாடிக்கு சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இந்த விளையாட்டில் திரையைப் படிக்கத் தெரிந்துகொள்வது என்றால் முக்கால்வாசி இதுதான்: ஒரு எண்ணைப் பார்த்தவுடன், இது எதைப் பொறுத்து அளந்தது என்று கேட்கும் பழக்கம். இது வந்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும். இது வராமல் எத்தனை வீடியோ பார்த்தாலும் கெர்பினின் நிலாவான ‘முன்’னில் இறங்கும்போது ராக்கெட் சாய்ந்துகொண்டேதான் இருக்கும்.

நான் எழுதுவது முதல் விளையாட்டைப் பற்றி, அதாவது 2011இல் சோதனை வடிவில் வந்து 2015இல் முழுமையாக வெளியானதைப் பற்றி. இதற்குச் சென்னை ரிச்சி தெருவில் போய் ஜாய்ஸ்டிக் தேட வேண்டியதில்லை, கீபோர்டும் மவுஸும் போதும். பழகும்போது எல்லாம் திறந்தே இருக்கும் சாண்ட்பாக்ஸ் முறையில் ஆரம்பியுங்கள். கேரியர் முறையில் பைலட்டின் அனுபவம் கூடக் கூடத்தான் எஸ்.ஏ.எஸ். (கலத்தைத் தானாக ஒரு திசையில் பிடித்து நிறுத்துவது) வசதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், நாம் படிக்க வேண்டிய குறிகளில் பாதியைப் பிடித்து நிறுத்த முதலில் பைலட்டுக்குத் தெரியாது. அப்புறம், எஃப்5 அழுத்தினால் சேமிக்கும், எஃப்9ஐப் பிடித்து அழுத்தினால் அந்த இடத்துக்கே திரும்பும். கோடையில் திடீர் திடீரென்று கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு எஃப்5 ரொம்ப அவசியம்.

முதல் படி: உருண்டையைப் படிப்பது

நேவ்பாலில் நீலம் வானம், பழுப்பு தரை, இரண்டும் சேரும் கோடு அடிவானம். நடுவில் அசையாமல் இருக்கும் குறி உங்கள் ராக்கெட்டின் மூக்கு. மூக்கு நகர்வதில்லை, உருண்டைதான் அதற்குப் பின்னால் சுழலும். ஏவுதளத்தில் நிற்கும்போது மூக்கு நேர் மேலே பார்ப்பதால் நீலத்தின் உச்சி நடுவில் இருக்கும். உருண்டையைச் சுற்றி எழுதியிருக்கும் எண்கள் திசைகள்: 0 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு.

இது விளையாட்டுக்காகக் கற்பனை செய்த கருவி இல்லை. அப்பல்லோ விண்கலங்களிலும் இதே வேலையைச் செய்யும் உருண்டை இருந்தது, கலம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை விண்வெளி வீரர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

புதியவர்களைக் குழப்பும் விஷயங்கள் இதில் இரண்டு உண்டு. ராக்கெட் நேராக மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால்கூட திசை எண் 90இலிருந்து 270க்குக் குதிக்கும். எதுவும் பழுதாகவில்லை. உச்சியைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று சுற்றுப்பாதைக்குப் போன பிறகு நடப்பது. எஸ்.ஏ.எஸ். கலத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் எந்தக் கீயையும் தொட்டிருக்க மாட்டீர்கள், ஆனாலும் உருண்டை மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். கலம் சுழல்கிறதோ என்று பயந்துபோய் எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். உருண்டையில் தெரியும் அடிவானம் உங்களுக்கு நேர் கீழே இருக்கும் தரையைப் பொறுத்தது. நீங்கள் கிரகத்தைச் சுற்றி வரும்போது ‘கீழே’ என்பதன் திசையே மாறிக்கொண்டிருக்கிறது. 80 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 31 நிமிடம் ஆகும், அந்த 31 நிமிடத்தில் உருண்டையும் ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்துவிடும்.

இரண்டாம் படி: குறிகள்

உருண்டையின் மேல் வண்ணக் குறிகள் மிதக்கும். மஞ்சள் குறி இரண்டு. வெறும் வட்டமாக இருப்பது புரோகிரேட், நீங்கள் போய்க்கொண்டிருக்கும் திசை. வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருப்பது ரெட்ரோகிரேட், அதற்கு நேர் எதிர்த்திசை. மூக்கு பார்க்கும் திசை வேறு, கலம் போகும் திசை வேறு என்பதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். கலம் பின்பக்கமாகக்கூட வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், அதில் ஒரு தவறும் கிடையாது.

ஊதா நிற முக்கோணங்கள் சுற்றுப்பாதையின் சாய்வை மாற்ற. வெளிர்நீலக் குறிகள் ரேடியல், ஆரம்பத்தில் அதிகம் தேவைப்படாது. இளஞ்சிவப்பு என்றால் டார்கெட், நீங்கள் தேர்ந்தெடுத்த இலக்கு இருக்கும் திசை. அடர்நீலக் குறி நீங்கள் திட்டமிட்ட மேனுவருக்கானது, அதாவது பாதையை மாற்றும் இன்ஜின் ஓட்டத்துக்கானது.

மஞ்சள் குறிகளுக்கு ஒரு குணம் உண்டு. மூக்கை புரோகிரேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து இன்ஜினை ஓட்டினால் அந்தக் குறி மூக்கை நோக்கி வரும். ரெட்ரோகிரேட்டுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஓட்டினால் அது மூக்கை விட்டு விலகி ஓடும். ஒன்றை இழுக்கலாம், மற்றதைத் தள்ளத்தான் முடியும். தரையிறங்குவதும் டாக்கிங் செய்வதும் (இரண்டு கலங்களை இணைப்பதும்) இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் சுற்றுப்பாதையில் சும்மா சுற்றும்போது எரிபொருள் வீணானாலும் பரவாயில்லை என்று இதைச் செய்து பாருங்கள்.

மூன்றாம் படி: ஒரு ஏவுதலை எண் எண்ணாகப் படிப்பது

வேகப் பெட்டியைச் சர்ஃபேஸுக்கே திருப்பிவிட்டு எஸ்.ஏ.எஸ்.ஸைப் போடுங்கள். இசட் கீயில் முழு வேகம், ஸ்பேஸ் பாரில் கிளம்பும். உருண்டைக்கு இடப்பக்கம் இருப்பது இன்ஜினின் விசையைக் காட்டும் திராட்டில், வலப்பக்கம் கலத்தின் மேல் விழும் அழுத்தத்தைக் காட்டும் ஜி-மீட்டர். மேலே நடுவில் உயரமானி. அதை ஒட்டியே காற்றின் அடர்த்தியைக் காட்டும் நீலப் பட்டையும், செங்குத்து வேகத்தைக் காட்டும் முள்ளும் இருக்கும்.

வேகம் 60, 70 மீ/வி வந்ததும் டபிள்யூ-ஏ-எஸ்-டி கீகளில் வலக்கோடிக் கீயைத் தட்டித் தட்டி மூக்கை 90 பக்கம், அதாவது கிழக்கே, ஐந்து முதல் பத்து டிகிரி சாயுங்கள். ஏன் கிழக்கு? அந்த 175 மீ/வி இலவசமாகக் கிடைக்கிறதே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி கிளம்பும் நாளில் வானம் தெளிவாக இருந்தால் சென்னை மொட்டை மாடியிலிருந்து வடக்கே பாருங்கள், நெருப்புப் பொட்டு மேலே ஏறிக்கொண்டே வலப்பக்கமாகக் கடலை நோக்கி வளையும், நேவ்பாலில் 90 பக்கம் சாய்கிறோமே அதேதான் அது. துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி தெற்கே போகும், இலங்கை குறுக்கே இருப்பதால் முதலில் தென்கிழக்காகப் போய் அப்புறம் திரும்பும்.

சாய்த்தபின் மஞ்சள் புரோகிரேட் குறி மூக்கின் பின்னாலேயே மெதுவாக இறங்கி வரும். மூக்கை அதிலிருந்து ஐந்து டிகிரிக்கு மேல் விலக விடாதீர்கள். கீழே காற்று அடர்த்தியாக இருக்கும்போது விலகினால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். 10 கி.மீ. உயரத்தைத் தாண்டும்போது பாதிச் சாய்வில், 45 டிகிரியில் இருந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

ஏறும்போது ஒரு கட்டத்தில் வேகப் பெட்டி தானாகவே சர்ஃபேஸிலிருந்து ஆர்பிட்டுக்கு மாறும். வேகம் சட்டென்று கூடும், புரோகிரேட் குறி அடிவானத்தை நோக்கிக் கொஞ்சம் குதிக்கும். ராக்கெட்டில் எதுவும் நடக்கவில்லை, திரை அளக்கும் அடிப்படைதான் மாறியிருக்கிறது. கிரகம் சுற்றும் கிழக்கு வேகமும் இப்போது கணக்கில் சேர்ந்திருக்கிறது. குறி தாவியதைப் பார்த்து நிறையப் பேர் பதறிப்போய் மூக்கைத் தூக்குவார்கள். வேண்டாம்.

இப்போது எம் கீயை அழுத்தி மேப்புக்கு வாருங்கள். நேவ்பால் மறைந்திருந்தால் கீழே இருக்கும் சின்ன அம்பைக் கிளிக் செய்தால் மேலே வரும். பாதையின் உச்சியில் ‘ஏபி’ என்று ஒரு குறி, அது பாதையில் மிக உயரமான இடம். ‘பிஇ’ மிகத் தாழ்வான இடம். இரண்டும் கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரங்கள், கிரகத்தின் மையத்திலிருந்து அல்ல. மேப்புக்குப் போகாமலேயே இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால், கீழே இடது மூலையில் இருக்கும் பொத்தான்களில் மேனுவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள், சுற்றுப்பாதை விவரம் அங்கேயே வரும். ஏறிக்கொண்டிருக்கும்போது பிஇ மைனஸில் இருக்கும். மைனஸ் என்றால் உங்கள் பாதை தரையைத் துளைத்துக்கொண்டு போகிறது, அதாவது இன்ஜினை இப்போது நிறுத்தினால் திரும்பவும் விழுவீர்கள்.

ஏபி 80 கி.மீ. காட்டியதும் எக்ஸ் கீயை அழுத்தி இன்ஜினை நிறுத்துங்கள். 70 கி.மீ. வரை காற்று இருப்பதால் ஏபி கொஞ்சம் இறங்கும், ஒரு தட்டு தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு ஏபி வரும்வரை மிதந்துபோய், அங்கே புரோகிரேட்டைப் பார்த்து ஓட்டினால் பிஇ மைனஸிலிருந்து பூஜ்யத்துக்கு வந்து மேலே ஏறும். அது 70 கி.மீ. தாண்டிய நொடியில் நீங்கள் சுற்றுப்பாதையில் இருக்கிறீர்கள். ஆர்பிட் வேகம் 2,280 மீ/வி பக்கத்தில் இருக்கும். பெட்டியைக் கிளிக் செய்து சர்ஃபேஸில் பாருங்கள், சுமார் 200 குறைவாகக் காட்டும். அதே கலம், அதே நொடி.

நான்காம் படி: மேனுவர் நோட்

மேப்பில் பாதையின் மேல் கிளிக் செய்து ஒரு நோட் (இன்ஜினை ஓட்ட வேண்டிய இடத்தின் குறி) வையுங்கள், கைப்பிடிகளை இழுத்தால் புதிய பாதை புள்ளிக்கோடாக வரும். நேவ்பாலில் அடர்நீலக் குறி தோன்றும், பக்கத்தில் எவ்வளவு வேக மாற்றம் தேவை, எத்தனை நொடி ஓட்ட வேண்டும், நோட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பவை வரும். ஓட்ட வேண்டிய நேரம் 40 நொடி என்றால் நோட்டுக்கு 20 நொடி முன்பே ஆரம்பியுங்கள், பாதி முன்னால், பாதி பின்னால். கடைசி சில மீ/வி மிச்சம் இருக்கும்போது நீலக் குறி நழுவ ஆரம்பிக்கும். அதைத் துரத்தக் கூடாது. திராட்டிலைக் குறைத்து, மூக்கை இருந்த இடத்திலேயே வைத்து முடித்துவிடுங்கள்.

ஒரு இடத்தில் வேகம் கூட்டினால் பாதையில் அதற்கு நேர் எதிர்ப்புறம் உயரும். பிஇயில் ஓட்டினால் ஏபி ஏறும். சந்திரயான்-3 செய்தது இதைத்தான். 2023 ஜூலை 14 அன்று எல்விஎம்3 ராக்கெட் அதைச் சுமார் 170 × 36,500 கி.மீ. பாதையில் விட்டது. அதன்பின் பூமிக்கு அருகில் வரும்போதெல்லாம் இன்ஜினை ஓட்டி ஓட்டி ஏபியை 1.27 லட்சம் கி.மீ.க்கு மேல் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் செய்தியில் வந்த இரண்டிரண்டு எண்களும் உங்கள் மேப்பில் தெரியும் பிஇயும் ஏபியும் ஒன்றேதான். விளையாட்டில் கொஞ்ச நாள் பழகிய ஒருவர் இஸ்ரோ அறிக்கையைப் படித்தால் பாதை அப்படியே கண்ணுக்குத் தெரியும். இந்த விளையாட்டை நான் எல்லோருக்கும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஐந்தாம் படி: முனில் இறங்குவது

இங்கேதான் திரையைச் சரியாகப் படித்தவர்களும் படிக்காதவர்களும் பிரிவார்கள்.

முதலில் உயரம். மேலே தெரியும் உயரமானி வழக்கமாகக் காட்டுவது கிரகத்தின் அடிப்படை மட்டத்திலிருந்து உயரம். முனில் கடல் இல்லை, பல இடங்களில் தரையே 3, 4 கி.மீ. மேலே இருக்கும். திரையில் 4,000 மீட்டர் என்று பார்த்துக்கொண்டே தரையில் மோதலாம். உயரமானியின் பக்கத்திலிருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் தரையிலிருந்து உயரம் காட்டும், கீழிறங்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வேகம். வேகப் பெட்டி கட்டாயம் சர்ஃபேஸில் இருக்க வேண்டும். முன் நிலா மிக மெதுவாகத்தான் சுழல்கிறது, அதன் நடுக்கோட்டில் தரை நகர்வது 9 மீ/வி மட்டுமே. சின்ன எண் என்று நினைக்காதீர்கள். ஆர்பிட் முறையில் வேகத்தைப் பூஜ்யமாக்கி இறங்கினால், தரை உங்கள் காலுக்கடியில் 9 மீ/வி வேகத்தில் பக்கவாட்டில் ஓடும். கால் பட்ட உடனே கலம் சாயும்.

கடைசி 500 மீட்டரைக் கிட்டத்தில் பார்ப்போம். மூக்கு ரெட்ரோகிரேட்டில் இருக்கிறது. கண் மூன்று இடத்துக்குத்தான் போக வேண்டும்: தரையிலிருந்து உயரம், வேகம், ரெட்ரோகிரேட் குறி நீலத்தின் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. குறி சரியாக உச்சியில் இருந்தால் நேர் கீழே இறங்குகிறீர்கள். தள்ளியிருந்தால் அவ்வளவு பக்கவாட்டு ஓட்டம் பாக்கி இருக்கிறது. அப்போது மூக்கை அந்தக் குறியையும் தாண்டி, உச்சிக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வைத்து ஓட்டுங்கள். குறி மூக்கை விட்டு விலகி ஓடும் என்று சொன்னேனே, அது உச்சியை நோக்கி ஓடும். 500 மீட்டரில் 40 மீ/வி, 100 மீட்டரில் 10, கால் படும்போது 2 அல்லது 3. வேகம் 5க்குக் கீழே வந்ததும் எஸ்.ஏ.எஸ்.ஸை ரெட்ரோகிரேட்டிலிருந்து சாதாரண நிலைநிறுத்தலுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால், ஒரு நொடி அதிகமாக ஓட்டி கலம் மேலே கிளம்பும்போது ரெட்ரோகிரேட் குறி தலைகீழாக மாறும், எஸ்.ஏ.எஸ். மூக்கைத் தரைப் பக்கம் திருப்பிவிடும்.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3இன் தரையிறங்கும் கலமான விக்ரம் நிலவில் இறங்கியதை நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை நினைவிருக்கும்: உயரம், கிடைமட்ட வேகம், செங்குத்து வேகம். சுமார் 30 கி.மீ. உயரத்தில் 1,680 மீ/வி கிடைமட்ட வேகத்தோடு ஆரம்பித்து, அந்த எண் முதலில் கரையக் கரைய செங்குத்து வேகம் கட்டுக்குள் வந்தது. தரையைப் பொறுத்த வேகத்தை நேரடியாக அளக்க சந்திரயான்-3இல் லேசர் டாப்ளர் வேகமானி ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். நாம் ஒரு கிளிக்கில் சர்ஃபேஸுக்கு மாறுகிறோம், அங்கே அந்த ஒரு எண்ணுக்காகத் தனியாக ஒரு கருவியே போனது.

ஆறாம் படி: டார்கெட் முறை, டாக்கிங்

இன்னொரு கலத்தைத் தேர்ந்தெடுத்து நெருங்கியதும் வேகப் பெட்டியில் மூன்றாவதாக ‘டார்கெட்’ வரும். இப்போது வேகமும் மஞ்சள் குறிகளும் அந்தக் கலத்தைப் பொறுத்தவை. இரண்டு கலங்களும் 2,200 மீ/விக்கு மேல் பறந்துகொண்டிருக்க, திரையில் 0.3 மீ/வி என்று இருக்கும். தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் வாசலில் நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் அதே வேகத்தில் வந்தால் எதிர் ஜன்னல்காரர் அசையாமல் நிற்பதாகத் தெரியும், அதுதான் இது.

தூரத்தில் இருக்கும்போது இலக்கைப் பார்த்து நேராக ஓட்டினால் போய்ச் சேர முடியாது. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் மெக்டிவிட் தன் ராக்கெட்டின் கழன்றுபோன இரண்டாம் அடுக்கை அப்படித்தான் நெருங்கப் பார்த்தார். எரிபொருள் போனதே தவிர நெருங்க முடியவில்லை. முன்னால் இருப்பதைப் பிடிக்க வேகம் கூட்டினால் உங்கள் பாதை உயர்ந்துவிடும், உயரமான பாதையில் சுற்ற அதிக நேரம் ஆகும், பின்தங்கிப் போவீர்கள். அதனால் முதலில் ஆர்பிட் முறையில் மேனுவர் நோட் வைத்து, இரண்டு பாதைகளும் சில கி.மீ.க்குள் நெருங்கும் இடத்தை உண்டாக்குங்கள். அந்த இடத்தில் டார்கெட் முறையில் ரெட்ரோகிரேட்டைப் பார்த்து ஓட்டி வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு இளஞ்சிவப்புக் குறியைப் பார்த்து மெல்லத் தள்ளி, மஞ்சள் புரோகிரேட் குறியை அதன் மேல் கொண்டுவந்து உட்கார வையுங்கள். விலகினால் இழுத்துக்கொள்ளுங்கள். பாதி தூரம் வந்ததும் திரும்ப நிறுத்துங்கள். அவசரமே இல்லை. 2025 ஜனவரியில் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இணைந்தபோதுகூட 15 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வந்து நின்றுதான் கடைசி அடி எடுத்து வைத்தன.

டாக்கிங்கில் கவனிக்க வேண்டிய ஒன்று, நேவ்பால் எந்தப் பாகத்தை மூக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது. சாதாரணமாக அது காக்பிட். டாக்கிங் போர்ட் (இணையும் வாய்) பக்கவாட்டில் இருந்தால் உருண்டை காட்டும் மூக்கும் போர்ட்டும் வேறு வேறு. உங்கள் போர்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘கன்ட்ரோல் ஃப்ரம் ஹியர்’ கொடுங்கள், எதிர்க் கலத்தில் கலத்தை அல்ல, அதன் போர்ட்டையே டார்கெட்டாக வையுங்கள். அப்போதுதான் இளஞ்சிவப்புக் குறி காட்டும் இடமும் நீங்கள் இணைய வேண்டிய இடமும் ஒன்றாகும்.

இணைந்தபின் இரண்டும் ஒரே கலம். வேகப் பெட்டி தானாகவோ உங்கள் கிளிக்கிலோ ஆர்பிட்டுக்குத் திரும்பட்டும், அப்புறம் அடுத்த இன்ஜின் ஓட்டத்துக்கு முன்னால் மறுபடியும் காக்பிட்டில் ரைட் கிளிக் செய்து கட்டுப்பாட்டை அங்கே மாற்றுங்கள். போர்ட்டிலேயே விட்டுவிட்டு இசட் கீயை அழுத்தினால் நேவ்பால் புரோகிரேட் என்று காட்டும், இன்ஜின் வேறொரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.